நீலமும் ஊதாவும்: அசகாவோ மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வந்த சின்னம்மா பெட்டியைத் திறந்து, சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்துத் தந்தார். ஜப்பானின் பைலட் கொம்பனியின் ‘அசகாவோ’, மைப்பேனைக்கு ஊற்றும் மை, 50 மில்லிலீற்றர். அன்றிலிருந்து பாடக்குறிப்பு, கடிதம், கடைச்சிட்டை எல்லாம் அந்த மையில்தான். நான் படிப்பிப்பது கிளிநொச்சிப் பக்கம். ஆசிரியர் அறையில் பேனை மூடியைத் திறந்தால் போதும், யாராவது கொப்பியை இழுத்துப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். வைபரிலும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன், ஆகவே எல்லாம் இங்கே.

இது நீலமா, ஊதாவா?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். நீலம், ஆனால் ஊதாவின் வாசலில் நிற்கிற நீலம். பள்ளிக்கூடத்தில் நாம் பழகிய ‘ரோயல் புளூ’வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், ரோயல் புளூ சாம்பல் பூசியது போலத் தெரியும், இது பளிச்சென்று நிற்கும். நாவல் நிறம் இல்லை, நாவலில் சிவப்பும் இருட்டும் அதிகம். கத்தரிப்பூவும் இல்லை, அது இதைவிட வெளிறியது. குளத்தில் பூக்கும் நீலோற்பலத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா, தூரத்தில் நீலமாகவும் கையில் பிடித்தால் ஊதாவாகவும் தெரியுமே, அந்தக் குணம் இதற்கும் இருக்கிறது, மை மட்டும் பல மடங்கு அடர்த்தி. அப்புறம் ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டில் சில ஊர்களில் நீலத்தையே ‘ஊதா’ என்பார்கள், ஆகவே அங்குள்ள நண்பருக்கு இதை ‘ஊதா கலந்த நீலம்’ என்று எழுதினால் அவர் குழம்பிப்போவார். எனக்கு நடந்தது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

அசகாவோ என்றால் ஜப்பானிய மொழியில் ‘காலை முகம்’. காலையில் விரிந்து, வெய்யில் ஏறியதும் சுருங்கிவிடும் ஒரு கொடிப்பூவின் பெயர் அது. பைலட் 2007 இல் தொடங்கிய ‘இரோஷிசுகு’ (‘வண்ணத்துளி’ என்று சொல்லலாம்) வரிசையில் இது ஒரு நிறம். அந்த வரிசையில் பெரும்பாலும் எல்லா மைக்கும் ஜப்பானின் ஒரு பூவோ, மழையோ, நிலவோ, இரவோ பெயராக இருக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தக் காலை முகக் கொடியும் நம்முடைய அடம்பன் கொடியும் ஒரே பேரினம், இரண்டும் ஐப்போமியா. முல்லைத்தீவுக் கடற்கரையில் மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்குமே, அதே அடம்பன். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சொல்லிச் சொல்லியே நாம் அதன் பூவைப் பார்க்க மறந்துவிட்டோம். விடிய ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், புனல் மாதிரி ஒரு பூ, இளஞ்சிவப்பு கலந்த ஊதா, தொண்டைக்குள் நிறம் இன்னும் இருண்டு போயிருக்கும். ஜப்பான்காரரின் பூ நீலப் பக்கம் சாய்ந்தது, நம்முடையது சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அடம்பன் நிறத்தில் ஒரு மை வந்தால் நான் இரண்டு போத்தல் வாங்குவேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் சாதாரண நீலமாகத்தானே இருக்கிறது?

ஆம், கைபேசிக் கமெராவுக்கு இந்த நிறம் பிடிபடாது. ஊதாவை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் காட்டும். ஆகவே படத்தைப் பார்த்து மை வாங்காதீர்கள், என் படத்தைப் பார்த்தும்தான்.

கண்ணுக்குமே வெளிச்சத்தைப் பொறுத்து மாறுகிறது. ஒரு நாள் வேலையில்லாமல் ஒரே தாளில் ஒரே வரியை எழுதி மூன்று நேரம் பார்த்தேன். காலையில் விறாந்தையில், வடக்குப் பக்க வெளிச்சத்தில், நீலம். பின்னேரம் ஐந்தரைக்கு வெய்யில் மஞ்சளாகச் சரிந்து முற்றத்துப் புளியமரத்துக்குக் கீழால் வரும்போது அதே வரி ஊதா, அம்மாவே ‘இது வேற மையோ’ என்று கேட்டார். இரவில் குசினியின் வெள்ளை எல்.இ.டி. பல்புக்குக் கீழே மறுபடியும் நீலம், அதுவும் கொஞ்சம் குளிர்ந்த நீலம். பழைய மஞ்சள் குண்டு பல்பு இருக்கிற வீடென்றால் இரவிலும் ஊதாதான். மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புக் கதிர் கூட, வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் கூட, மைக்குள் இரண்டுமே இருக்கின்றன, எதை அழைக்கிறீர்களோ அது எழும்பி வருகிறது.

உள்ளே உண்மையில் எத்தனை நிறம் இருக்கிறது?

இதை வகுப்பில் செய்து காட்டினேன், உங்கள் வீட்டிலும் செய்யலாம், காசு செலவில்லை. ஒரு வெண்கட்டியை எடுத்து, அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மையால் சுற்றிவர ஒரு பொட்டு வையுங்கள். ஒரு மூடியில் கொஞ்சம் தண்ணீர், பொட்டு நனையாத அளவுக்கு. வெண்கட்டியை அதில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். தண்ணீர் மெல்ல மேலே ஏறும், மையையும் இழுத்துக்கொண்டு போகும், போகிற வழியில் சாயங்கள் பிரியும், ஏனென்றால் ஒவ்வொரு சாயமும் வெண்கட்டியைப் பற்றிக்கொள்ளும் இறுக்கம் வேறு. பத்து நிமிடத்தில் நீலம் ஒரு பட்டி, இளஞ்சிவப்பு ஊதா இன்னொரு பட்டி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ‘சேர், சிவப்பு உள்ளுக்க ஒளிச்சு இருந்திருக்கு’ என்றது. என் விளக்கத்தைவிட அது திறம்.

இந்தச் செயற்கைச் சாயங்களின் கதையில் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1856 இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்ய முடியுமா என்று வீட்டில் முயன்றான். கொயினா வரவில்லை, கறுப்புக் கசடு வந்தது, அதை மதுசாரத்தால் கழுவப் போனபோது ஊதா கரைந்து வந்தது, அது பட்டுத் துணியில் ஏறி நின்றது. நிலக்கரித் தாரிலிருந்து வந்த ‘மோவ்’ என்ற அந்த ஊதாவிலிருந்துதான் செயற்கைச் சாயத் தொழிலே பெருகியது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இல், அதற்கு முன் காடு வெட்டிக் குடியேறிய வன்னிச் சனத்தில் கொயினாவின் கசப்புத் தெரியாத வீடு குறைவு. பெர்கினுக்குக் கொயினா கிடைத்திருந்தால் எங்கள் பாட்டன்மாருக்குக் கொஞ்சம் உதவியிருக்கும், ஊதா மைக்கு யார் பொறுப்பு என்று தெரியாது. (அசகாவோவில் இருப்பது பெர்கினின் சாயம் என்று நான் சொல்லவில்லை, குடும்பக் கதை மட்டும்.)

எந்தப் பேனையில் நல்லாக இருக்கும்?

என்னிடம் இரண்டு பேனை. ஒன்று ஹீரோ 616, அப்பாவின் காலத்திலிருந்தே நம் பக்கத்துச் சட்டைப்பைகளில் இருந்த சீனப் பேனை, நிப்பை மூடி மறைத்த முகம், றப்பர் குழாயை அமத்தி மை ஏற்றுவது. மற்றது லாமி சபாரி, நடுத்தர நிப். ஹீரோவில் கோடு மெல்லியது, நிறம் இருண்டு கருநீலம் போல நிற்கும், ஊதா தெரிய வேண்டுமென்றால் தேட வேண்டும். லாமியில் கோடு தடிப்பு, ஊதா தானாகவே வரும், எழுத்தின் தொடக்கம் வெளிறியும் முடிவு அடர்ந்தும் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆனால் தமிழ் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இங்கிலீசில் எழுதி மதிப்புரை போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நம் எழுத்தில் சுழி அதிகம். ‘இ’, ‘ஞ’, ‘ண’, ‘ணை’, இவற்றில் நிப் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், தாராளமாக மை விடுகிற பேனை என்றால் சுழியின் கண் அடைந்துபோகும். ‘ஞானம்’ என்று எழுதினால் முதலெழுத்து ஒரு ஊதாப் பொட்டாகத்தான் நிற்கும். அசகாவோ தாராளமாக ஓடுகிற மை. ஆகவே சிறிய கையெழுத்துக்காரர் மெல்லிய நிப்பே பிடியுங்கள், பெரிதாக எழுதுகிறவர் நடுத்தரத்துக்குப் போகலாம். வறண்டு கீறுகிற பழைய பேனை ஏதாவது லாச்சிக்குள் கிடந்தால் அதற்கும் இதை ஊற்றிப் பாருங்கள். என் ஹீரோ முந்தி ஒவ்வொரு வரிக்கும் ஒருதரம் உதறக் கேட்டது, இப்போது கேட்பதில்லை.

தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் ஊறுமா?

கொப்பியைப் பொறுத்தது. ஒரே கடையில், ஒரே விலையில் வாங்கிய இரண்டு சி.ஆர். கொப்பிகளில் ஒன்று மையை அழகாகத் தாங்குகிறது, மற்றதில் எழுத்தின் ஓரமெல்லாம் மயிர்க்கால் விட்டு மறுபக்கமும் தெரிகிறது. என் வழி இது: கடைக்குப் போகும்போது பேனையையும் கொண்டுபோவேன், கொப்பியின் கடைசிப் பக்க மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வைப்பேன். பொட்டு வட்டமாக நின்றால் வாங்குவேன், சிலந்தி மாதிரிக் கால் விரித்தால் வைத்துவிட்டு வருவேன். முதல்நாள் கடைக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார், இப்போது ‘மாஸ்ரர், புதுக் கொப்பி வந்திருக்கு, குத்திப் பாருங்கோ’ என்கிறார்.

மாரியில் எல்லாக் கொப்பியும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் தாள் ஈரத்தைக் குடித்து மெதுவாகிவிடும், சித்திரையில் தாங்கிய அதே கொப்பி அப்போது ஊறும். கொப்பிகளைப் பொலித்தீன் பைக்குள் கட்டி அலுமாரியில் வையுங்கள், பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஏதோ சிவப்பு மினுக்கம் என்கிறார்களே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொப்பித் தாளில் தெரியாது. மையை உறிஞ்சாமல் மேலேயே காயவிடும் வழவழப்பான தாள் வேண்டும், பிரெஞ்சு ரொடியா மாதிரி. அதில் மை தேங்கிய இடத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மெல்லிய செம்பு மினுக்கம் வரும். அதற்காகத் தாள் தேடி அலைய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். என்னிடம் இருந்தது சின்னம்மா மை சுற்றிக்கொண்டு வந்த விளம்பரத் தாள்தான், அதிலேயே பார்த்துத் திருப்தி.

காய எவ்வளவு நேரம் எடுக்கும்?

கொப்பியில் எட்டு எண்ணுவதற்குள் காய்ந்துவிடும். வழவழப்புத் தாளில் முப்பது எண்ணினாலும் பயம்தான்.

வரிகளைவிட ஆபத்து புள்ளிகள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது நிப் அசையாமல் ஒரு கணம் நிற்கிறது, அந்த ஒரு கணத்தில் ஒரு சிறு மணி மை இறங்கி, வரி காய்ந்த பிறகும் தனியாக ஈரமாக இருக்கிறது. கையின் ஓரம் அதில் பட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால். என் முதல் வாரப் பாடக்குறிப்பு முழுக்க வால்வெள்ளிகள். இப்போது பழகிவிட்டது, புள்ளியைக் குத்துவதில்லை, தொட்டுவிட்டு எடுக்கிறேன், இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு ஒற்றுத்தாள். இடக்கைக்காரருக்கு இந்த மையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர் பட்டால்?

கரையும். இதில் இரண்டு பேச்சில்லை. எழுதி ஒரு நாள் காய்ந்த தாளில் ஒரு துளி தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தேன். துளி விழுந்த இடத்தில் எழுத்து ஒரு மங்கல் நிழலாக மிஞ்சியது, சுற்றிவர ஊதா வட்டம். வாசிக்க முடிந்தது, ஆனால் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வாசிக்க முடிந்தது.

ஆகவே காசோலை, காணி அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம், கிராம சேவையாளரிடம் கொடுக்கும் கடிதம், இவற்றை இந்த மையால் எழுதாதீர்கள். 2009 இல் ஒரு பைக்குள் எல்லாப் பத்திரத்தையும் கட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடியவர்கள் இங்கே இருக்கிறோம். எங்கள் பைக்குள்ளும் தண்ணீர் போனது. தட்டச்சு எழுத்து நின்றது, பக்கத்தில் மைப்பேனையால் போட்டிருந்த கையொப்பமும் திகதியும் ஒரு நீலக் கறையாகப் போயிருந்தன. அந்தக் கறையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

நிற்க வேண்டிய எழுத்துக்கு இரும்பு கலந்த கருநீல மை இருக்கிறது, பெலிக்கன் 4001 கருநீலம் அந்த வகை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தால் கறுக்குமே, அதே வேதியியல்தான், தாளின் இழைக்குள் பிடித்துக்கொள்ளும். அல்லது பிளாற்றினம் கார்பன் பிளாக் மாதிரிக் கரித்தூள் மை. அதற்குப் பேனையை அடிக்கடி கழுவ வேண்டும், காயவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

பரீட்சையில் பாவிக்கலாமா?

வேண்டாம் பிள்ளைகளே. நீலம், கறுப்பு என்று சொன்னால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராத நீலம் வேண்டும், இதைப் பின்னேர வெளிச்சத்தில் யார் திருத்துவார் என்று உங்களுக்குத் தெரியுமா? போதாததுக்கு வியர்வைக் கை. குமிழ்முனைப் பேனையைக் கொண்டு போங்கள்.

பேனையைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவலாமா?

இது வெளிநாட்டு மதிப்புரைகளில் வராத கேள்வி, ஆனால் நமக்கு முக்கியமானது. நம் பக்கத்துக் கிணறும் குழாய்க்கிணறும் பெரும்பாலும் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படையைப் பாருங்கள். அதே வெள்ளை, பேனையின் நிப்புக்குக் கீழே மை ஓடும் மெல்லிய பள்ளங்களிலும் படியும். நான் முதல் மாதம் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன், லாமியின் கறுப்பு நாக்கில் வெள்ளைக் கோடு விழுந்தது.

இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய குடிநீர் பாவிக்கிறேன், ரவுனிலும் கிராமத்திலும் போத்தலுக்கு நிரப்பித் தருகிற அந்தத் தண்ணீர். கராச்சில் பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் இன்னும் நல்லது. மாரியில் கூரையிலிருந்து நேராக ஒரு கோப்பை மழைத்தண்ணீர் பிடித்தால் அதுவும் போதும், முதல் மழையை விட்டுவிடுங்கள், அது கூரையைக் கழுவின தண்ணீர். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம், பிளாஸ்ரிக் வளையும்.

சோளகக் காற்றுக் காலத்தில் மை காய்ந்துபோகிறதே?

போகும். ஆடி, ஆவணியில் பேனையை மூடாமல் ஒரு தொலைபேசி அழைப்புக்கு எழும்பிப் போய் வந்தால் முதல் எழுத்து எழுதாது. நிப் மறைந்திருக்கும் ஹீரோ இதில் கெட்டிக்காரன், லாமி தோற்கும். ஒரு வாரம் எழுதாமல் வைத்த பேனையில் மிஞ்சுகிற மை அடர்ந்து, நிறம் கறுத்து வரும், அது போத்தல் மையின் குற்றமில்லை, தண்ணீர் போய்ச் சாயம் மிஞ்சியிருக்கிறது. முனையை ஒருதரம் தண்ணீரில் தொட்டால் சரியாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் பேனையை மேசையில் விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கிற காற்று விரிந்து மையை மூடிக்குள் தள்ளும். விமானத்தில் வரும்போதும் இதே கதைதான், பேனையை நிப் மேலே பார்க்க நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கனடாவில் சின்னம்மா இல்லை. வேறு வழி?

நியாயமான கேள்வி. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நான் பார்த்த கடைகளில் இந்த மை இல்லை. ஆனால் ஊதா சாய்ந்த நீலத்துக்கு வேறு பெயர்களும் உண்டு. வோட்டர்மன் ‘செரினிற்றி புளூ’, முந்தி ‘புளோரிடா புளூ’ என்று வந்தது, கொஞ்சம் ஊதா சாய்ந்தது, விலையும் குறைவு. பைலட்டின் அதே வரிசையில் ‘அஜிசாய்’ இன்னும் வெளிறிய நீல ஊதா, ‘முரசாகி ஷிகிபு’ முழு ஊதா.

இல்லாவிட்டால் கலவுங்கள். ஒரே கொம்பனியின் ஒரே வரிசையில் கழுவக்கூடிய நீலமும் ஊதாவும் எடுங்கள், பெலிக்கன் 4001 இல் இரண்டும் உண்டு. பாமசியில் ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்ச் வாங்கி, ஒரு பழைய மருந்துப் போத்தலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, நாலு பங்கு நீலத்துக்கு ஒரு பங்கு ஊதாவில் தொடங்குங்கள். ஊதா பொல்லாதது, ஒரு துளி கூடினால் நீலம் போன இடம் தெரியாது. கலந்ததை உடனே பேனைக்குள் ஊற்ற வேண்டாம், ஒரு கிழமை வைத்து அடியில் கசடு படிகிறதா, மேலே ஆடை கட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வேறு வேறு கொம்பனி மைகளைக் கலக்காதீர்கள், இரும்பு மையை எதனோடும் கலக்காதீர்கள். நண்பர் ஒருவருக்குச் செய்து கொடுத்த கலவை அசகாவோவின் பளிச்சுக்கு வரவில்லை, ஆனால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

சங்குப்பூவிலும் நாவல்பழத்திலும் மை செய்யலாமே?

செய்யலாம், விளையாட்டுக்கு. நீலச் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும், அதில் தேசிக்காய் நாலு சொட்டுப் பிழிந்தால் கண்முன்னே ஊதாவாக மாறும், புளிப்புப் பட்டால் அந்தப் பூச்சாயம் நிறம் மாறும். அந்த நொடியில் கோப்பைக்குள் தெரியும் நிறம் அசகாவோவுக்கு மிகக் கிட்ட. ஆனால் தாளில் வைத்தால் வெளிறிவிடும், வெய்யிலில் சில நாளில் மங்கும், மூன்றாம் நாள் கோப்பையில் பூஞ்சணம். நாவல்பழச் சாறு எழுதியபோது ஊதா, கொஞ்ச நாளில் மண்ணிறம். தொட்டெழுதும் பேனையோடு நிறுத்துங்கள். மைப்பேனைக்குள் ஊற்றினால் சக்கையும் சீனியும் அடைத்துப் பேனை போய்விடும்.

முத்திரை மை, வைத்தியசாலை ஊதா மருந்து?

இரண்டும் வேண்டாம். முத்திரை மை எளிதில் காயாத மாதிரித் தடிப்பாகச் செய்தது. புண்ணுக்குப் பூசும் ஜென்சியன் வயலெட் நல்ல ஊதாதான், ஆனால் பேனையின் பிளாஸ்ரிக்கில் ஏறினால் பிறகு போகாது. சித்திரக் கடையில் விற்கும் இந்தியன் மையும் கூடாது, அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் பேனைக்குள் வார்னிஷ் பூசியது மாதிரி.

வெள்ளைச் சேட்டில் பட்டுவிட்டது, அவசரம்!

தேய்க்காதீர்கள். பச்சைத்தண்ணீரைக் கறையின் பின்பக்கத்திலிருந்து ஊற்றி ஓடவிடுங்கள், நிறம் வருவது நிற்கும்வரை. பிறகு சவர்க்காரம். ஈரம் காயமுன் அயன் பண்ணினால் கறை குடியிருந்துவிடும். முழு வெள்ளைப் பருத்தி என்றால் கடைசி ஆயுதமாக வெளிற்றும் திரவம், குளோரின் சாயத்தை உடைக்கும் (பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் செய்த அதே குளோரின்). நிறத் துணியில் அதைத் தொடவே வேண்டாம். விரலில் பட்டால் கவலையில்லை, இரண்டு குளிப்பில் போய்விடும், வாக்களித்த விரலின் வெள்ளி நைத்திரேற்று மாதிரி நகம் வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

போத்தல் எவ்வளவு காலம் நிற்கும்? பழுதாகுமா?

என் கணக்கில் ஹீரோ மட்டும் என்றால் இரண்டு வருடமாவது. பழுதாவது நம் கையால்தான்: எழுதின பேனையை அப்படியே போத்தலுக்குள் முக்குவது, மூடியைத் திறந்தபடி விடுவது. நான் மாதத்துக்கு ஒருதரம் சின்னக் குப்பிக்குக் கொஞ்சம் ஊற்றி எடுத்து, அதிலிருந்துதான் ஏற்றுகிறேன், தாய்ப்போத்தல் அலுமாரிக்குள் இருட்டில். மையில் நூல் மாதிரி ஏதாவது மிதந்தாலோ, ஊத்தை மணம் வந்தாலோ, யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள், பேனைக்குள் போனால் அதையும் கெடுக்கும்.

முடிந்த பிறகு அந்தப் போத்தலை எனக்குத் தருவீர்களா?

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அழகான போத்தல்தான், தடித்த கண்ணாடி, அடியில் நடுவே ஒரு சின்னப் பள்ளம், கடைசி மை அதற்குள் சேர்ந்து நிற்கும், நிப் எட்டி எடுக்கலாம். ஆனால் அம்மா முந்திவிட்டார். பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெய் துளித்துளியாகக் கிடைத்தபோது, வெறும் மைப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டு விளக்காக்கிப் படிக்க வைத்தவர். இந்தப் போத்தலைக் கையில் எடுத்து, பாரம் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தார். ‘காத்துக்குச் சரியாது’ என்றார். பிறகு அந்தப் பள்ளத்தை விரலால் காட்டி, ‘எண்ணெய் கடைசிச் சொட்டுமட்டும் திரிக்கு எட்டும்’.